தண்டவாளத்துக்குத் தெற்கே: ஒரு ஊர், ஒரு ஸ்டேடியம், ஒரு முழங்கால்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் எடிட் செய்யப்பட்டது.)

இன்னைக்கு ரெண்டு எண்களோட ஆரம்பிக்கிறேன். 6,750 டாலர். 5,040 டாலர்.

ரெண்டுமே ஒரே ஸ்கூலோட கணக்கு. வருஷம் 1988 வாக்குல. முதல் எண், அந்த ஸ்கூல் பசங்களோட விளையாட்டுக்கு வாங்கின மருத்துவப் பொருட்களுக்கான செலவு. டேப், பேண்டேஜ் மாதிரி சமாச்சாரம். ரெண்டாவது எண், இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டுக்குப் பாடம் நடத்த ஒதுக்கின பணம். பாடப்புத்தகம் தவிர வேற ஏதாவது புத்தகம் வாங்கணும்னாலும் சரி, ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் ஆனாலும் சரி, அந்த 5,040-க்குள்ளதான் முடிக்கணும்.

அதே சீசன்ல, அந்த ஸ்கூல் டீம் வெளியூர் மேட்ச் ஆடப் போறதுக்குத் தனி ஜெட் விமானம் வாடகைக்கு எடுத்த செலவு சுமார் 70,000 டாலர். நான் காலேஜ் டீமைப் பத்திச் சொல்லலை. பதினேழு, பதினெட்டு வயசுப் பசங்க இருக்கிற ஹைஸ்கூல் டீம்.

ஸ்கூல் பேரு பெர்மியன் ஹைஸ்கூல். ஊர் பேரு ஒடெசா, மேற்கு டெக்சாஸ். இந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தெரியக் காரணம் எச். ஜி. பிஸிங்கர்ங்கிற பத்திரிகையாளர். புலிட்சர் பரிசு வாங்கினவர். 1988-ல ஃபிலடெல்ஃபியாவுல இருந்து குடும்பத்தோட ஒடெசாவுக்குக் குடிவந்து, ஒரு முழு சீசன் அந்த டீம் கூடவே இருந்தார். 1990-ல வந்த அவரோட புத்தகம்தான் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. சினிமாவாவும் டிவி சீரிஸாவும் உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க.

நாம இன்னைக்குப் பேசப்போறது சினிமாவுல வராத பகுதி.

முதல்ல ஊரைப் பார்த்துடலாம். டல்லாஸ்ல இருந்து மேற்கே சுமார் 350 மைல். மரம்கூட அபூர்வமான சமவெளி. 1880-கள்ல ரயில் வந்ததால உருவான ஊர். 1920-கள்ல எண்ணெய் கிடைச்சதும் வேகமா வளர்ந்தது. பக்கத்து ஊர் மிட்லேண்ட், 20 மைல் தூரம். எண்ணெய்க் கம்பெனிகளோட ஆபீஸ், பேங்க், ஜியாலஜிஸ்ட் எல்லாம் மிட்லேண்ட்ல. ரிக்ல ஏறி வேலை செய்றவங்க, வெல்டர், லாரி டிரைவர் எல்லாம் ஒடெசாவுல. ஒரே எண்ணெய், ஆனா காலர் மட்டும் வேற வேற நிறம்.

அப்போ ஒடெசாவோட மக்கள்தொகை ஏறத்தாழ 90,000. 1982-ல திறந்த ராட்லிஃப் ஸ்டேடியத்துல 19,000 பேருக்கு மேல உட்காரலாம். கட்டினது 56 லட்சம் டாலர் செலவுல. அதாவது ஊர்ல அஞ்சு பேர்ல ஒருத்தர் ஒரே நேரத்துல உட்காரக்கூடிய ஒரு ஸ்கூல் மைதானம்.

'அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம்'னு சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா இந்தப் பைத்தியத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? 1961-ல அமெரிக்க நாடாளுமன்றம் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தது. என்எஃப்எல் டீம்கள் எல்லாம் சேர்ந்து டிவி உரிமையை மொத்தமா விக்கலாம், ஏகபோகத் தடைச் சட்டத்துல இருந்து அதுக்கு விலக்கு உண்டு. ஆனா ஒரு நிபந்தனை, ஸ்கூல் மேட்சுக்கு அது 1966-ல வந்த திருத்தத்துல சேர்ந்தது. செப்டம்பர்ல இருந்து டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல, ஸ்கூல் மேட்ச் நடக்கிற இடத்துல இருந்து 75 மைலுக்குள்ள இருக்கிற டிவி ஸ்டேஷன்ல என்எஃப்எல் மேட்ச் போட்டா அந்த விலக்கு கிடைக்காது. உலகத்துலயே அதிகம் சம்பாதிக்கிற லீக்கே வெள்ளிக்கிழமை ராத்திரியை ஸ்கூல் பசங்களுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கிப் போகுது.

சரி, அந்த வெள்ளிக்கிழமை யாரோடது?

டெக்சாஸ்ல ஸ்கூல் விளையாட்டை நடத்துற அமைப்பு யுஐஎல். 1960-கள் நடுப்பகுதி வரைக்கும் அதுல வெள்ளையர் பள்ளிகள் மட்டும்தான் உறுப்பினராக முடியும். கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனி அமைப்பு. 1920-ல ஆரம்பிச்சு, பிறகு பிரெய்ரி வியூ லீக்னு பேர் வாங்கினது. ஊர்ல இருக்கிறது ஒரே ஸ்டேடியம். வெள்ளிக்கிழமை அது வெள்ளையர் பள்ளிக்கு. அதனால கறுப்பின மாணவர்கள் புதன்கிழமை, வியாழக்கிழமை ராத்திரிகள்ல ஆடினாங்க. என்எஃப்எல்-ல பெரிய பேர் வாங்கின ஜோ கிரீன், பப்பா ஸ்மித் எல்லாம் அந்த வியாழக்கிழமை ராத்திரிகள்ல இருந்து வந்தவங்கதான்.

1960-கள் கடைசியில ரெண்டு அமைப்பும் இணைஞ்சது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கு. ஆனா இணைப்புன்னா நடைமுறையில பல ஊர்கள்ல கறுப்பினப் பள்ளியை மூடினாங்க. அங்க ஹெட் கோச்சா இருந்தவர் புது ஸ்கூல்ல அசிஸ்டன்ட் ஆனார். பள்ளியோட பேர், நிறம், பாட்டு, கோப்பை வெச்சிருந்த அலமாரி எல்லாம் போச்சு. பிள்ளைங்க மட்டும் புது ஸ்கூலுக்கு மாறினாங்க.

இப்போ ஒடெசாவுக்குத் திரும்பலாம்.

அந்த ஊர்ல ரயில் தண்டவாளம்தான் எல்லைக்கோடு. அதுக்குத் தெற்கே பெரும்பாலும் கறுப்பினத்தவரும் மெக்சிகன் வம்சாவளியினரும். வடக்கே வெள்ளையர்கள். பள்ளிகள்ல இனப்பிரிவினை சட்டவிரோதம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1954-ல. ஒடெசா பள்ளி நிர்வாகத்து மேல மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது 1970-ல. நீதிமன்ற உத்தரவால ஊர்ப் பள்ளிகள் நிஜமாவே கலந்தது 1982-ல. தீர்ப்புக்கும் அமலுக்கும் நடுவுல 28 வருஷம்.

கலந்த விதத்தையும் கவனிக்கணும். தெற்குப் பக்கம் எக்டர் ஹைஸ்கூல்னு ஒண்ணு இருந்தது. படிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க சிறுபான்மைப் பிள்ளைங்க. அதை ஹைஸ்கூல் அந்தஸ்துல இருந்து எடுத்துட்டு, மாணவர்களை வடக்குப் பக்கம் இருந்த பெர்மியன், ஒடெசா ஹை ரெண்டு பள்ளிகளுக்கும் பிரிச்சு அனுப்பினாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்க யாரும் தெற்கே பஸ் ஏற வேண்டிய தேவை வரலை.

யார் எந்தப் பள்ளிக்குன்னு எல்லை வரையணும் இல்லையா? அந்த எல்லையில கறுப்பின மாணவர்கள் அதிகமா பெர்மியன் பக்கமும், மெக்சிகன் வம்சாவளி மாணவர்கள் அதிகமா ஒடெசா ஹை பக்கமும் போனாங்க. இது ஃபுட்பாலை மனசுல வெச்சு வரைஞ்ச கோடுன்னு ஊர்லயே பலர் சந்தேகப்பட்டதை பிஸிங்கர் எழுதியிருக்கார். 1988-ல ஒடெசா ஹை, பெர்மியனை ஜெயிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது.

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் எதுக்காகக் கட்டப்பட்டதுன்னு தெரிஞ்சுக்க, அறிமுகப் பக்கத்தைப் படிக்க மாட்டோம். எந்த இடத்துல அது வேகமா வேலை செய்யுது, எந்த இடத்துல காத்திருக்க விடுதுன்னு பார்ப்போம். ஒடெசாவுல நல்ல ரன்னிங் பேக் ஒருத்தருக்கு எல்லாக் கதவும் வேகமா திறந்தது. அவரோட தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பையன், ஓடத் தெரியாத அண்ணன் எல்லாரும் காத்திருந்தாங்க.

அந்த ரன்னிங் பேக் பேரு ஜேம்ஸ் 'பூபி' மைல்ஸ். கறுப்பினப் பையன். 1988 சீசனுக்கு முன்னாடி பெர்மியனோட பெரிய நட்சத்திரம். பெரிய பெரிய யுனிவர்சிட்டிகள்ல இருந்து வீட்டுக்கு லெட்டர் குவிஞ்சுக்கிட்டே இருந்தது. படிப்புல ரொம்பப் பின்தங்கியிருந்தார். அதைப் பத்தி அவசரப்பட யாருக்கும் காரணம் இல்லை. அவர் ஓடினா போதும்.

சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஆகஸ்ட் மாசம், லபக்ல ஒரு பயிற்சி மேட்ச். பாயின்ட் கணக்குலகூட வராத மேட்ச். அதுல அவரோட முழங்கால் போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு ஒரு வில்லன் தேவைப்படலை. அவர் இடத்துக்கு வந்தவர் நல்லா ஓடினார். டீம் ஜெயிக்க ஆரம்பிச்சது. கூட்டம் புதுப் பேரைக் கத்தினது. மைல்ஸ் திரும்பி வந்தப்போ அவருக்குக் கிடைச்சது பெஞ்ச். சீசன் நடுவுலயே டீமை விட்டுட்டார். லெட்டர் வர்றது நின்னது. கடைசியில ஒரு ஜூனியர் காலேஜ்ல ஆடினார். காயத்துக்குப் பிறகு வெள்ளையர்கள் சிலர் அவரைப் பத்திப் பேசின இனவெறிப் பேச்சையும் பிஸிங்கர் அப்படியே பதிவு பண்ணியிருக்கார். நட்சத்திரமா இருந்த வரைக்கும் அந்தப் பேச்சு உள்ளுக்குள்ள இருந்தது. முழங்கால் போனதும் வெளியே வந்தது.

இந்தப் பாரம் கறுப்பின வீரர்கள் மேல மட்டும்தான் இருந்ததுன்னு நினைச்சுடாதீங்க. பெப்பெட்ஸ்னு ஒரு குழு இருந்தது. சீனியர் மாணவிகள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீரரை ஒதுக்குவாங்க. வாராவாரம் அவருக்குப் பலகாரம் செஞ்சு கொடுக்கணும், அவர் வீட்டு முன்னாடி பேர் எழுதின பலகை வைக்கணும். ஸ்கூல்ல ஒரு பெண்ணுக்குப் பெருமையான இடம்னா அது இன்னொருத்தருக்கு கேக் சுடுற இடமா இருந்தது.

கோச் கேரி கெயின்ஸ் சம்பளம் 48,000 டாலர், கூடவே ஓட்டறதுக்குப் புதுக் கார். இருபது வருஷ அனுபவம் உள்ள இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் தலைவிக்கு 32,000. அந்தக் கோச்சும் நிம்மதியா இருந்தாரா? மிட்லேண்ட் லீ கிட்ட ஒரே ஒரு பாயின்ட்ல தோத்த ராத்திரி, அவர் வீட்டுப் புல்வெளியில 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகைகளை நட்டு வெச்சிருந்தாங்க.

இப்போ நியாயமான ஒரு கேள்வி. ஊர் மக்கள் முட்டாளா? நான் அப்படி நினைக்கலை.

1980-கள் தொடக்கத்துல எண்ணெய் பேரல் 30 டாலருக்கு மேல. 1986-ல 10 டாலர் பக்கத்துக்கு விழுந்தது. ஒடெசாவுல ரிக் எல்லாம் நின்னு துருப்பிடிச்சது. வேலை போன ஒருத்தருக்கு அந்த வாரத்துல நிச்சயமா நடக்கும்னு தெரிஞ்ச ஒரே நல்ல விஷயம் வெள்ளிக்கிழமை ராத்திரி. எண்ணெய் விலை அவர் கையில இல்லை. ஆனா பெர்மியன் ஜெயிக்கும். 1965, 1972, 1980, 1984-னு மாநிலப் பட்டம் வாங்கின டீம் அது. அந்த ஆறுதலைக் கேலி பண்ண நமக்கு உரிமை இல்லை.

ஆனா ஆறுதலுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு கேட்க உரிமை இருக்கு. டெக்சாஸ்ல பள்ளிக்கான பணத்துல பெரும் பங்கு உள்ளூர் சொத்து வரியில இருந்து வருது. பணக்காரப் பகுதிக்குப் பணக்காரப் பள்ளி. சான் அன்டோனியோ நகரத்துல எட்ஜ்வுட்னு ஏழைங்க வாழ்ற பகுதி. 1967-68 கல்வி ஆண்டுல அங்க ஒரு மாணவருக்குச் செலவு 356 டாலர். அதே நகரத்துல வசதியான அலமோ ஹைட்ஸ்ல 594. டிமெட்ரியோ ரோட்ரிகஸ்னு ஒரு அப்பா மத்த பெற்றோர்களோட சேர்ந்து வழக்குப் போட்டார். 1973-ல உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-னு தீர்ப்பு சொன்னது: கல்வி, அரசியலமைப்பு உறுதி கொடுக்கிற அடிப்படை உரிமை கிடையாது. மாநில உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாதுன்னு சொல்ல 1989 ஆச்சு. பெர்மியன் மறுபடி மாநிலப் பட்டம் ஜெயிச்சதும் அதே வருஷம்தான்.

நடுவுல ஒரு திருத்த முயற்சியும் நடந்தது. 1984-ல 'பாஸ் ஆகலைன்னா ஆட முடியாது' சட்டம். எந்தப் பாடத்துலயாவது 70-க்குக் கீழ எடுத்தா ஆறு வாரம் வெளியே. அதைக் கொண்டுவந்த கவர்னர் மார்க் வைட் 1986 தேர்தல்ல தோத்தார். கோச்களோட கோபமும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்வாங்க. 1988 அரையிறுதியில பெர்மியனை 14-9-னு ஜெயிச்ச டல்லாஸ் கார்ட்டர் பள்ளி, மாநிலப் பட்டமும் வாங்கினது. பிறகு ஒரு வீரரோட அல்ஜீப்ரா மார்க் விவகாரத்துல அந்தப் பட்டம் பறிபோச்சு. ஊர் முழுக்கப் பேசினது பட்டத்தைப் பத்தி. அந்தப் பையனுக்கு அல்ஜீப்ரா வருமாங்கிறது யாருக்கும் பெரிய கேள்வியா தெரியலை.

புத்தகம் வந்ததும் ஒடெசா கொதிச்சது. மிரட்டல் வந்ததால பிஸிங்கர் அந்த ஊருக்கு வர்றதா இருந்த பயணத்தையே ரத்து பண்ணினார். அதே 1990-ல விதிமீறிப் பயிற்சி நடத்தினதுக்காக பெர்மியனை பிளேஆஃப்ல ஆட விடாம யுஐஎல் தடை பண்ணினது. அதுலயும் கோபம் புத்தகத்து மேலயே திரும்பினது. 2004-ல வந்த சினிமா மைதானத்தை அழகா காட்டினது. தண்டவாளம், 1982 தீர்ப்பு, எக்டர் ஹைஸ்கூல் இதெல்லாம் கிட்டத்தட்ட காணாமப்போச்சு. பெர்மியன் ஊரோட பெருமையா மட்டும் உலகத்துக்குத் தெரிஞ்சது.

எனக்கு இதுல திரும்பத் திரும்ப உறுத்துறது ஒண்ணுதான். விளையாட்டு எல்லாரையும் சமமாக்கும்னு சொல்றோம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒடெசாவுல அது ஓரளவு உண்மைதான். தெற்குப் பக்கத்துப் பையனுக்கு வடக்குப் பக்கம் எழுந்து நின்னு கைதட்டினது. ஆனா அந்தச் சமத்துவத்தோட நிபந்தனை ஒரு முழங்கால் மூட்டு. அது நல்லா இருக்கிற வரைக்கும் செல்லும். ஒரு பள்ளி கொடுக்க வேண்டிய சமத்துவம் காயம்பட்டவனுக்கும், ஆடவே தெரியாதவனுக்கும், கேக் சுடச் சொல்லப்பட்ட பெண்ணுக்கும் செல்லணும். அந்த 5,040 டாலர்ல வர வேண்டியது அதுதான்.

அடுத்த தடவை ஒரு ஊரோட விளையாட்டுக் கதை உங்களைச் சிலிர்க்க வெச்சா, சிலிர்த்துக்கோங்க, தப்பில்லை. கூடவே பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிறவர் திங்கட்கிழமை காலையில எந்த வகுப்புக்குப் போறார், அங்க அவருக்கு என்ன கிடைக்குதுன்னும் தேடிப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.