தேதியில்லாத பூட்டு

1942-ம் வருஷத்தின் ஆரம்பம். ருஷ்யாவில் வரோனெஷ் என்ற நகரம். யுத்தத்தின் காரணமாக அங்கிருந்த சர்வகலாசாலையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் போய்விட்டார்கள். புஸ்தகசாலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் புஸ்தகசாலையைத் தேடி ஆகாயப் படையைச் சேர்ந்த இளம் லெப்டினண்ட் ஒருவர் வந்தார். பெயர் கியார்கி ஃபிளியோரோவ். வயது இருபத்தெட்டு. யுத்தத்துக்கு முன்னால் அவர் பௌதிக விஞ்ஞானி.

யுரேனியம் அணு, வெளியிலிருந்து எதுவும் வந்து தாக்காமலே, தானாகவும் பிளவுபடும் என்று 1940-ல் அவரும் அவருடைய சகாவான பெட்ர்ஷாக்கும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகாயத்திலிருந்து விழும் கதிர்கள் குறுக்கிடக் கூடாது என்பதற்காக மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் பூமிக்கடியில் உட்கார்ந்து செய்த சோதனை அது. அதைப் பற்றிய சிறு குறிப்பு அமெரிக்காவின் 'ஃபிசிகல் ரிவ்யூ' பத்திரிகையிலும் வெளிவந்தது. தம்முடைய கண்டுபிடிப்பைப் பற்றி வெளிநாட்டார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஃபிளியோரோவ் வந்தார். எழுதினவனுக்கு இருக்கிற ஆசை எனக்குத் தெரியும். நானும் கதை வெளியான வாரம் முழுவதும் தபால்காரனை எதிர்பார்த்து நின்றவன்தான்.

பத்திரிகைகளைப் புரட்டினார். ஒரு வரி கூட இல்லை. தம்மைப் பற்றி மட்டுமல்ல, அணுப்பிளவு என்ற விஷயத்தைப் பற்றியே எதுவும் இல்லை. இரண்டு வருஷங்களுக்கு முன்னால் இதழுக்கு இதழ் எழுதிக் குவித்த பெரிய பெரிய விஞ்ஞானிகளின் பெயர்களே காணாமல் போயிருந்தன. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்த ஆராய்ச்சியில் சலித்துப் போய்விடுவார்களா? ஃபிளியோரோவுக்குப் புரிந்துவிட்டது. அமெரிக்காவில் அணுகுண்டு செய்கிறார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏப்ரலில் அவர் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். மறு வருஷம் குர்ச்சாத்தோவின் தலைமையில் ருஷ்யாவின் அணு ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது.

அந்தக் கடிதம் ஒன்றினால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்திலிருந்து ஒற்றர்களும் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் யாரிடமிருந்து மறைப்பதற்காக மௌனம் காத்தார்களோ, அந்த மௌனத்தையே ஒருவர் படித்துவிட்டார் என்பது என் மனசை விட்டு நீங்கவில்லை. எனக்குத் தெரிந்த பௌதிகம் இண்டர்மீடியட்டோடு நின்றுபோன பௌதிகம். ஆகவே அணுவைப் பற்றிப் பேசப் போவதில்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதைத் தொடங்கி வைத்தவர் எந்தச் சர்க்காரும் அல்ல. லியோ ஸிலார்டு என்ற ஹங்கேரிய விஞ்ஞானி. ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓடி வந்தவர். 1933-ல் லண்டன் தெரு ஒன்றைக் கடக்கும்போது, அணுவிலிருந்து தொடர்ச்சியாகச் சக்தியை வெளிக்கொணர வழி இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அந்த யோசனைக்கு உரிமைப் பத்திரம் எடுத்து, 1936-ல் பிரிட்டிஷ் கடற்படை இலாகாவிடம் ரகசியமாக இருக்கட்டும் என்று ஒப்படைத்தார். 1938 டிசம்பரில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியம் பிளவுபடுவதைக் கண்டார்கள். அதற்குப் பொருள் சொன்னவர்கள் ஸ்வீடனில் அகதியாக இருந்த லீஸ மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஃபிரிஷ்ஷும். செய்தி ஜனவரியில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. ஸிலார்டுக்குத் தூக்கம் போய்விட்டது.

1939 பிப்ரவரி 2-ம் தேதி அவர் பாரிஸிலிருந்த ஜோலியோ-க்யூரிக்குக் கடிதம் எழுதினார். பிளவின்போது நியூட்ரான்கள் வெளிவருகின்றனவா என்று நீங்களும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்படி வந்தால் அதைப் பத்திரிகையில் வெளியிட வேண்டாம். தவறான கைகளில் இது பெரிய ஆபத்தாக முடியும் என்பது கடிதத்தின் சாரம். ஜோலியோ இணங்கவில்லை. விஞ்ஞானம் உலகத்தின் பொதுச் சொத்து என்று நம்பியவர் அவர். தவிர, இந்தச் சமாசாரம் ஏற்கெனவே வெளியே கசிந்துவிட்டது என்பதும் அவர் வாதம். ஒரு பிளவுக்குச் சராசரி எத்தனை நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன என்ற கணக்கை அவரும் சகாக்களும் ஏப்ரல் 22-ம் தேதி லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் பிரசுரித்துவிட்டார்கள்.

இரண்டே நாளில், ஏப்ரல் 24-ம் தேதி, ஹாம்பர்கைச் சேர்ந்த ஹார்ட்டெக் என்ற பேராசிரியரும் அவர் உதவியாளரும் ஜெர்மன் யுத்த இலாகாவுக்குக் கடிதம் எழுதினார்கள். இதுவரை இல்லாத வலிமையுள்ள வெடிகுண்டு சாத்தியம், முதலில் செய்கிற நாட்டுக்குப் பிறர் ஈடு கொடுக்க முடியாது என்று. ஸிலார்டு பயந்தது பயந்தபடியே நடந்தது. யுத்தம் மூண்ட பிறகு ஜோலியோவும் தம் ஆராய்ச்சிக் குறிப்பு ஒன்றை உறையிலிட்டு முத்திரை வைத்து, பாரிஸ் விஞ்ஞான அகாடமியில் கொடுத்துவைத்தார். அந்த உறையைப் பிரித்தது 1949-ல்.

அமெரிக்காவில் 1940-ல் கிரிகரி பிரைட் என்ற பேராசிரியரின் முயற்சியால் ஓர் ஏற்பாடு வந்தது. யுரேனியம் சம்பந்தமான கட்டுரை எந்தப் பத்திரிகைக்கு வந்தாலும் ஆசிரியர் அதை விஞ்ஞானிகளின் குழு ஒன்றுக்கு அனுப்புவார். அபாயமானது என்று பட்டால் எழுதியவரின் சம்மதத்தோடு நிறுத்திவைப்பார்கள். ஆனால் கட்டுரை வந்த தேதி மட்டும் பதிவாகிவிடும். யார் முதலில் கண்டார் என்ற பெருமை யாருக்கும் பறிபோகாது. போலீஸ் இல்லை, தண்டனை இல்லை, சட்டம் கூட இல்லை. புளுட்டோனியம் பற்றிய முதல் கட்டுரை பத்திரிகைக்கு வந்து சேர்ந்தது 1941 ஜனவரி 28, அச்சானது 1946-ல்.

இந்த அடக்கத்தால் பலனும் இருந்தது. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க மலிவான கிராஃபைட் போதும் என்று ஃபெர்மியும் ஸிலார்டும் கண்டார்கள். ஃபெர்மிக்கு அதை வெளியிடத்தான் விருப்பம். ஸிலார்டு விடாமல் மன்றாடித் தடுத்துவிட்டார். ஹைடல்பர்கில் போத்தே என்ற விஞ்ஞானி 1941-ல் அதே கிராஃபைட்டைச் சோதித்து, அது உதவாது என்று முடிவு கட்டினார். அவர் சோதித்த கிராஃபைட்டில் கலந்திருந்த அசுத்தம் அவரை ஏமாற்றிவிட்டது. அமெரிக்கக் கணக்கு அச்சில் வந்திருந்தால் அவர் தம் பிழையைத் திருத்திக்கொண்டிருக்கக் கூடும். ஜெர்மானியர் நார்வேயிலிருந்து வர வேண்டிய கனநீரையே நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலையை 1943-ல் நார்வே வீரர்கள் வெடி வைத்துச் சிதைத்தார்கள்.

ஆகவே, அறிவை எந்தக் காலத்திலும் மறைக்கக் கூடாது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஹிட்லர் வாசலில் நிற்கும்போது வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது தர்மம் ஆகாது. அந்தப் பூட்டை விஞ்ஞானிகள் தாங்களே போட்டுக்கொண்டார்கள். சாவியும் அவர்கள் கையில் இருந்தது. யாருக்காகப் பூட்டுகிறோம், எப்போது திறப்போம் என்பதெல்லாம் தெரிந்திருந்தது.

சாவி கை மாறிய பிறகுதான் கதை வேறு விதமாகத் திரும்புகிறது.

1942 செப்டம்பரில் அணுகுண்டு வேலை முழுவதும் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. தலைவர் ஜெனரல் குரோவ்ஸ். ஒரு பிரிவில் இருப்பவனுக்கு அடுத்த பிரிவில் நடப்பது தெரியக் கூடாது என்பது அவர் விதித்த விதி. செலவான பணம் சுமார் 200 கோடி டாலர்; அத்தனையும் ஜனங்களின் வரிப்பணம். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுடைய பிரதிநிதிகளிலும் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. ரகசியத்தை முதன்முதலில் வற்புறுத்திய ஸிலார்டையே குரோவ்ஸ் நம்பவில்லை. அவரைச் சத்துரு தேசத்தவர் என்று சொல்லிக் காவலில் வைக்க உத்தரவு கூடத் தயாரித்தார். யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் கையெழுத்துப் போட மறுத்ததால் ஸிலார்டு தப்பினார்.

1945 ஜூலையில் ஸிலார்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஜெர்மனி தோற்றுவிட்டது, இந்தக் குண்டை ஜப்பான் நகரங்களின் மேல் போடுவதற்கு முன்னால் தர்மத்தை யோசித்துப் பாருங்கள் என்று ஜனாதிபதி டிரூமனுக்கு. எழுபது பேர் கையெழுத்திட்டார்கள். காகிதம் ராணுவத்தின் வழியாகத்தான் போக வேண்டும். போயிற்று; ஆனால் குண்டு விழுவதற்கு முன் டிரூமன் கைக்குப் போய்ச் சேரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு அதையாவது வெளியிடலாம் என்று ஸிலார்டு பார்த்தார். அதன் மேல் 'ரகசியம்' என்று முத்திரை விழுந்துவிட்டது! அணுவைப் பற்றி ஒரு வாய்பாடு கூட அந்தக் காகிதத்தில் கிடையாது. இருந்ததெல்லாம் மனிதனுடைய மனசாட்சிதான். பகைவனுக்காகச் செய்த பூட்டு, செய்தவனுடைய வாய்க்கே வந்து சேர்ந்தது.

நாகசாகியில் குண்டு விழுந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 12-ம் தேதி, அமெரிக்க சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. ஹென்றி ஸ்மித் என்ற பிரின்ஸ்டன் பேராசிரியர் எழுதிய அறிக்கை அன்று வெளியாயிற்று. குண்டு செய்யும் நுட்பத்தைத் தவிர்த்து, இந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் படித்த ஜனங்களுக்குப் புரியும்படி எழுதியிருந்தார். இந்த விஷயத்தில் தீர்மானம் செய்ய வேண்டியவர்கள் ஜனங்கள். தெரியாததைப் பற்றி அவர்கள் எப்படித் தீர்மானிப்பார்கள் என்பதே அவர் எண்ணம். ஆனால் மறு வருஷம் ஆகஸ்டு முதல் தேதி வந்த அணுசக்திச் சட்டம் வேறு மாதிரி இருந்தது. அணு ஆயுதத்தையும் அணு எரிபொருளையும் பற்றிய எந்த விவரமும், அது யாருடைய மூளையில் உதித்ததானாலும், பிறக்கும்போதே ரகசியம். சர்க்கார் விடுதலை செய்தால்தான் வெளியே வரலாம். கூட இருந்து வேலை செய்த இங்கிலாந்துக்குக் கூடக் கதவை அடைத்துவிட்டார்கள். நடந்தது என்ன? 1949 ஆகஸ்டில் ருஷ்யா குண்டு வெடித்தது. 1952 அக்டோபரில் இங்கிலாந்தும் வெடித்தது.

பகைவனும் நண்பனும் உள்ளே வந்துவிட்டார்கள் என்றால், அந்தப் பூட்டு யாரைத்தான் வெளியே நிறுத்திற்று? 1947 ஏப்ரல் 17-ம் தேதியிட்ட ஒரு குறிப்பு அதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்க அணுசக்திக் கமிஷனில் எழுதப்பட்டது அது. மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி, பொதுஜன அபிப்பிராயத்தைக் கெடுக்கக்கூடிய அல்லது நஷ்ட ஈட்டு வழக்குகளுக்கு இடம் கொடுக்கக்கூடிய எந்தக் காகிதமும் வெளியே போகக் கூடாது. ரகசியம் என்று முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்கிறது குறிப்பு. ருஷ்யாவைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அவர்கள் பயந்தது சொந்த நாட்டுக் கோர்ட்டுக்கு.

என்ன சோதனை அது? 1945 முதல் 1947 வரை, ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வந்த பதினெட்டுப் பேருடைய ரத்தத்தில் புளுட்டோனியத்தை ஊசி மூலம் ஏற்றி, அது உடம்பில் எங்கே தங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். முதல் மனிதர் மோட்டார் விபத்தில் எலும்பு முறிந்து வந்தவர். இன்னது ஏற்றுகிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் ஜனங்கள். ஊசி குத்திக்கொண்டவர்களும் ஜனங்கள். முடிவைத் தெரிந்துகொள்ளக் கூடாதவர்களும் அதே ஜனங்கள். 1970-களில் விஷயம் அங்கங்கே கசிந்தது. 1993-ல்தான் நியூ மெக்ஸிகோவின் பத்திரிகை ஒன்று அந்த மனிதர்களைப் பெயரோடும் ஊரோடும் தேடிப் பிடித்து எழுதிற்று. 1995 அக்டோபரில் ஜனாதிபதி கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொள்ள அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

இது வேறு தேசத்துக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1948 ஏப்ரலில் நம் அரசியல் நிர்ணய சபையில் அணுசக்தி மசோதா வந்தபோது, கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற அங்கத்தினர் எழுந்து, சமாதான காரியங்களுக்கான ஆராய்ச்சிக்கும் ஏன் இத்தனை ரகசியம் என்று கேட்டார். சமாதானத்துக்கான உபயோகத்தையும் யுத்தத்துக்கான உபயோகத்தையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்பது பிரதமர் நேருவின் பதில். மறைக்காமல் சொன்ன பதில்தான். ஆனால் பிரிக்கத் தெரியவில்லை என்பதற்காக இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவது எல்லா சர்க்காருக்கும் சுலபமான வழியாக இருக்கிறது.

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் அணுசக்தியின் சமாதான உபயோகம் பற்றிய முதல் சர்வதேச மகாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் நம் ஹோமி பாபா. அமெரிக்கா, ருஷ்யா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகள் பத்து வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள் வைத்திருந்த யுரேனியக் கணக்குகளை அங்கே பகிரங்கமாக எடுத்து வைத்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்களாக இருந்தன. இயற்கை யாருக்கும் தனியாக ஒரு கணக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே கணக்கை நாலு வீட்டில் தனித்தனியாகப் போட்டு, நாலு வீட்டிலும் பூட்டி வைத்திருந்தார்கள்.

1946-ல் அச்சான அந்தப் புளுட்டோனியக் கட்டுரையில், 'வந்து சேர்ந்த தேதி: 1941 ஜனவரி 28' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இடைப்பட்ட ஐந்து வருஷத்தையும் அது மறைக்கவில்லை. வாங்கி வைத்தோம், வைத்திருந்தோம், இதோ கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுகிறது. ஜனங்களுடைய பணத்தில் விளைந்த அறிவைச் சில காலம் மறைத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்த சர்க்காராவது சொன்னால், அந்த மாதிரி ஒரு வரியை நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பூட்டின தேதி என்ன, திறக்கிற தேதி என்ன என்று. 1947-ம் வருஷத்துக் குறிப்பிலும் தேதி இருந்தது. பூட்டின தேதி மட்டும்.