காற்றுக்குக் காத்திருந்த வணிகர்கள்

"நாம் எப்போது இந்த ஊருக்கு வந்தோம்?" டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து திரும்பும்போது நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. 1819க்குப் பிறகு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்தக் கடலில் தமிழரின் போக்குவரத்து அதைவிடப் பழையது.

தஞ்சைச் சோழரும் சீனத்துச் சோங் அரசரும், எஞ்சின் இல்லாத மரக்கலங்களை நம்பி உண்மையிலேயே வாணிபம் செய்திருக்க முடியுமா? முடியும் என்பதற்கு முதல் சாட்சி பருவக்காற்று. தென்மேற்குக் காற்று கலங்களைக் கிழக்கே கொண்டுவரும். வடகிழக்குக் காற்று திருப்பி அனுப்பும். காற்று மாறும்வரை இடையிலுள்ள துறைகளில் மாதக்கணக்கில் தங்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1998இல் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பல், இரும்பு ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 60,000 சீனப் பீங்கான்கள் இருந்தன. அவற்றில் பலவற்றை ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் பார்க்கலாம்.

சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவுக்குத் தூது அனுப்பினர். இடையில் 1025இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். ஆனால் அன்றாட வாணிபத்தை நடத்தியவர்கள் வணிகக் குழுவினர். தாய்லாந்தின் தக்குவாபாவில் உள்ள 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கிறது. சுமத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் கப்பல்களுக்குரிய கட்டணத்தை விதிக்கின்றனர். சீனத்துச் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குளமும் கட்டணமும் வந்து தங்கியவர்களின் தேவைகள். ஒருமுறை வந்து போனவர்களுக்கு அவை எதற்கு?

பெருமைக்காக இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1843இல் உடைக்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லின் எழுத்து இன்னும் படித்தறியப்படவில்லை. அதை நம் சான்றாகக் கொள்ளவும் கூடாது. இருக்கும் கல்வெட்டுகளே நமக்குப் போதும்.

பின்னாளில் சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் சூலியாக்களும் இதே காற்றில்தான் வந்தனர். 1826இல் சூலியாப் பள்ளியையும், 1828இல் தொடங்கி 1830க்குள் நாகூர் தர்காவையும் எழுப்பினர். தர்கா நிற்கும் தெலுக் ஆயர் அன்று கடற்கரை. கரையிறங்கியவர்கள் முதலில் தேடியது கூடித் தொழவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் ஓரிடத்தை. 50 ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் நினைத்ததும் அதைத்தான்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அந்த அரும்பொருளகத்துக்கும் தெலுக் ஆயருக்கும் ஒருசேர அழைத்துச் செல்வோம். அவர்களின் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.