சிம் கழற்றிய பிறகு வந்த வேலை

புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் எங்கள் பிள்ளைச்சாவடிக்கு அந்தப் போன் வந்து சேர்ந்த வருஷத்தின் கடைசியில்தான் தானே புயலும் வந்தது. 2011-இன் கடைசி மாதங்களில் புதுச்சேரி நேரு வீதியில் எந்த மொபைல் கடைக்குள் நுழைந்தாலும் கேலக்ஸி ஒய்தான் பேச்சு. 3 அங்குலத் திரை, 2 மெகாபிக்சல் கேமரா, 1200 எம்ஏஎச் பேட்டரி, ஆண்ட்ராய்டு 2.3. ஏழெட்டாயிரத்துக்கு விரலால் தடவும் போன் என்பது அதுவரை எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டாத விஷயம். எங்களிடம் வந்ததும் அந்த வகையறாதான். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்; அந்த வகைப் போன்கள் எல்லாவற்றுக்கும் சத்தும் குறையும் ஒன்றே.

டிசம்பர் 30 விடியற்காலை புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன. டவர்கள் பேட்டரியும் டீசலும் இருந்தவரை மூச்சு விட்டன, பிறகு அவையும் நின்றன. புதுப் போன் வெறும் கண்ணாடிச் சில்லாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்போதுதான் அதற்குள் எஃப்எம் ரேடியோ இருப்பது நினைவுக்கு வந்தது. ஹெட்செட் வயரைச் செருகினால் அதுவே ஆன்டெனா. டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். தெருவில் பாதிப்பேர் திண்ணையைச் சுற்றி உட்கார்ந்து வானொலிச் செய்தி கேட்டோம். சார்ஜ் தீர்ந்தால் பைக் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கடன். போன் வேலையைச் செய்ய முடியாத போனுக்கு வேறு வேலைகள் உண்டு என்று எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அடுத்த இரண்டு வருஷம் அது என் கையில் இருந்தது. காலாப்பட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்த எல்லோரையும் போல நானும் அதனிடமிருந்து எதையாவது கூடுதலாகக் கறக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செயலிகளுக்கென்று உள்ளே கிடைத்த இடம் 200 எம்பிக்கும் குறைவு. நாலு செயலி போட்டால் ‘இடம் போதவில்லை’ என்று மேலே ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கும். அது வந்துவிட்டால் குறுஞ்செய்திகூட உள்ளே வராது. அதற்குத் தெருவுக்குத் தெரு ஒரு வைத்தியர் இருந்தார். செட்டிங்ஸில் போய் ஒவ்வொரு செயலியாக மெமரி கார்டுக்குத் தள்ளுவது முதல் பாடம். முகப்பில் கடிகாரம், வானிலை காட்டும் விட்ஜெட்டுகள் கார்டுக்குப் போனால் வேலை செய்யாது என்பது இரண்டாவது. கூடவே வந்த மேப்ஸ் செயலியைக் கழற்ற முடியாது, ஆனால் அதன் மேல் ஏறிய அப்டேட்டைக் கழற்றினால் கணிசமான இடம் மிஞ்சும் என்பதுதான் தேர்ந்த வைத்தியர்கள் மட்டும் சொன்ன ரகசியம்.

தமிழ் இன்னொரு பாடு. ஆண்ட்ராய்டு 2.3-ஐக் கூகுள் வெளியிட்டபோது அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. சில கம்பெனிகள் தாங்களே சேர்த்தன, மற்றவற்றில் தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதற்கு ஓபரா மினி கை கொடுத்தது. முகவரி வரும் இடத்தில் ‘ஓபரா: கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, பக்கத்தின் அடிவரை இறங்கி, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவம் பயன்படுத்து என்ற வரியில் ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். பிறகு அவர்களுடைய சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஆனால் கொம்பும் காலும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். தமிழில் தட்டச்சு செய்ய, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இருந்தது. அது பட்டன் போன் காலத்திலேயே பிறந்து, தொடுதிரைக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டும் இல்லாமல் அந்தப் போன் எங்கள் கரையிலிருந்து கடலுக்குள் போயிருக்கவே போயிருக்காது.

கடலுக்குள் போனது எப்படி என்று சொல்வதற்கு முன், அலை உயரக் கணக்கு இந்தக் கரைக்கு வந்த பழைய வழியைச் சொல்ல வேண்டும். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக இணையத்தில் போட்டுவந்த அலை உயர முன்கணிப்பில் வங்கக் கடலும் இருந்தது. அதை இறக்கி, தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். உலகத்திலேயே பெரிய கடற்படை ஒன்றின் கணக்கைக் கேட்டுவிட்டுக் கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்த மீனவர்கள் வேறெங்காவது இருந்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப்பிள்ளை ஒருவர் போனில் எச்சரித்ததும், இதே திட்டத்தின் ஒலிபெருக்கியில்தான் ஊரை ஓடச் சொன்னார்கள். ஊர் பிழைத்தது.

பிறகு ஹைதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இன்கோய்ஸ், அதாவது இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அந்தக் கணக்கை நம் நாட்டிலேயே போடத் தொடங்கியது. அலை, காற்று மட்டுமல்ல. செயற்கைக்கோள் காட்டும் கடல்மேல் வெப்பத்தையும், பாசி அடர்த்தியைக் காட்டும் நிறத்தையும் வைத்து, மீன் கூடக்கூடிய இடத்தையும் சொன்னது. எந்த இறங்குதுறையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை. எல்லாம் எண்கள். மேகம் மூடினால் அந்தச் செய்தி வராது. வாடைக்காற்று மாதங்களில் பாதி நாள் மேகம்தான், அது வேறு கதை.

இந்த எண்களைத்தான் நான் ஓபரா மினியில் பார்த்து மாமாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவருடையது ஃபைபர் போட். கேட்டுக்கொள்வார், ஒன்றும் சொல்லமாட்டார். 2013 வாக்கில் எனக்கு வேறு போன் வந்தது. பழையதைச் சிம் கழற்றி அலமாரியில் போடப் போனபோது மாமா கையை நீட்டினார்.

“இதுல ஜிபிஎஸ் இருக்குன்னியே, இருக்கா?”

“இருக்கு மாமா. ஆனா சிம் இல்ல, டவர் எடுக்காது.”

“அங்க போனா எவன் சிம்முக்குடா டவர் எடுக்குது?”

நியாயமான கேள்வி. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் எல்லாப் போனும் ஊமை. ஆனால் ஜிபிஎஸ் டவரை நம்பி இல்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரம் சொல்லிக்கொண்டே போகின்றன. கீழே இருக்கும் கருவி கேட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறது, திரும்ப ஒன்றும் அனுப்புவதில்லை. அதற்கு மாத வாடகையும் கிடையாது. 2000 மே மாதம்வரை அமெரிக்கா அந்தச் சமிக்ஞையை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துத்தான் பொதுமக்களுக்கு விட்டது. கெடுப்பதை நிறுத்திய பிறகுதான் நூறு மீட்டர் பிசகு பத்துப் பதினைந்து மீட்டராகச் சுருங்கி, லாஞ்சுகளில் கார்மின் ஜிபிஎஸ் கருவிகள் ஏறின. அந்தக் கருவிக்குப் பணம் சேராத போட்டுக்கு இந்தப் பழைய போன்.

கடலில் அதை வேலை வாங்குவது லேசில்லை. இந்தப் போன்கள் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க, எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே என்ற பட்டியலை நெட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும். நெட் இல்லையென்றால் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். அங்கிருந்து வருவது விநாடிக்கு 50 பிட்தான். ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பைச் சொல்லி முடிக்க அரை நிமிடம், எல்லாவற்றின் ஜாதகமும் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். நடுவில் போட் ஆடி, ஆள் குறுக்கே நின்று, சமிக்ஞை அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: போட்டைத் தள்ளுவதற்கு முன், என் போனின் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்து, திறந்த வானத்தின் கீழ் வைத்து, இடம் பிடித்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவது. சிம் இல்லாவிட்டாலும் போன் டவரைத் தேடிக்கொண்டேதான் இருக்கும்; கடலில் கிடைக்காத டவரைத் தேடித் தேடியே 1200 எம்ஏஎச் மதியத்துக்குள் காலி. ஃப்ளைட் மோடில் ரேடியோ அலை அனுப்புவது நிற்கும், ஜிபிஎஸ் கேட்பது நிற்காது.

அடுத்தது விரல். இந்தத் திரை விரல் பட்டால் தன் மின்புலம் மாறுவதை உணர்ந்து வேலை செய்வது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொண்டு தானாக எதையாவது திறக்கும். மீன் கொழகொழப்போடு தொட்டால் ஒன்றுமே செய்யாது. குச்சியால் குத்தும் பழைய நோக்கியா 5800 திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அழுத்தத்தைத்தான் பார்க்கும். அத்தைதான் வழி கண்டாள்: மெல்லிய பிளாஸ்டிக் கவர், வாயில் இரண்டு ரப்பர் பேண்ட். மெல்லிசாக இருந்தால் கவருக்கு மேலேயே தொடலாம். கனமான கவர் என்றால் திரை கேட்காது. சார்ஜ் துளையில் உப்புப் பூக்காமல் இருக்க, பேட்டரியை மட்டும் கழற்றி யுனிவர்சல் சார்ஜரில் கவ்வ வைத்துவிடுவோம். கூடுதலாக ஒரு பேட்டரி, அதற்கும் ஒரு கவர். பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரி மாற்றும் போன்களை ஏன் நிறுத்தினார்கள் என்று மாமா இன்றைக்கும் திட்டுவார்.

மேப் எதற்கும் உதவவில்லை. கரை தாண்டினால் திரை முழுக்க ஒரே நீலம். வேண்டியது எண்கள் மட்டும். செயற்கைக்கோள் நிலவரம் காட்டும் ஒரு சின்னச் செயலி, புள்ளி குறித்து வைக்கும் ஒன்று, அவ்வளவுதான் மிச்சம் வைத்தேன்; மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து மஞ்சள் முக்கோணம் வரவே இல்லை.

ஆனால் எண்களில்தான் பெரிய கண்ணி இருந்தது. இன்கோய்ஸ் கொடுப்பது பாகை, கலை, விகலை. பக்கத்து லாஞ்சில் இருக்கும் கார்மின் வழக்கமாகக் காட்டுவது பாகை, அதன்பின் தசமப் புள்ளியோடு கலை. எங்கள் செயலி வெறும் தசமப் பாகை. பிள்ளைச்சாவடி கிட்டத்தட்ட பன்னிரண்டாவது அட்சக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். அதற்குச் சற்றுத் தெற்கே 11 பாகை 58 கலை 30 விகலை என்று ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசமப் பாகையில் அது 11.975. அப்படியே 11.5830 என்று தட்டினால் கடலூர் தாண்டிப் போகச் சொல்லும், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பிசகு. அதைப் பார்த்ததுமே தப்பு என்று தெரிந்துவிடும். 58.30 கலை என்று கார்மினில் தட்டினால்தான் ஆபத்து. சரியான எண் 58.50. வித்தியாசம் 370 மீட்டர். பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேல் விழவேண்டிய வலை சேற்றில் விழும், எண் பொய் சொல்கிறது என்று பேரும் விழும். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு ஒவ்வொரு பாயிண்டையும் மூன்று விதமாகவும் எழுதி வைத்தோம். போனை விட அந்த நோட்டுக்குத்தான் ஊரில் மதிப்பு.

மாமா குறித்த பாயிண்டுகளில் மீன் செய்தி எண்கள் குறைவு. பெரும்பாலும் அவருக்கும் அவர் அப்பாவுக்கும் தெரிந்த பார்கள். கரையில் ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் பார்த்து, இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கத்தை வேறொன்றோடு சேர்த்துப் பார்த்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நங்கூரம் போடுவது அந்தக் காலத்துக் கணக்கு. அந்தக் கணக்குக்குக் கரை அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் கரை அசைந்துவிட்டது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்க, வடக்கே உள்ள ஊர்களைக் கடல் தின்னத் தொடங்கியது. நகரத்தின் முன்னால் கல் கொட்டினால் அரிப்பு அதற்கடுத்த ஊருக்கு நகர்கிறது. பிள்ளைச்சாவடியில் தென்னை போனது, வீடுகள் போயின, போட் ஏற்றும் மணல் போனது. பார்த்து வைத்திருந்த அடையாளங்களும் அதோடு போயின. அந்தப் பார்களின் மேல் ஒவ்வொன்றாகப் போய் நின்று, நினைவு இருக்கும்போதே எண்ணாக்கி வைத்துக்கொண்டார் மாமா. அந்தப் போனில் நடந்த உருப்படியான காரியம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதற்குள் வெளியே எல்லாம் மாறிவிட்டது. சுவாமிநாதன் நிறுவனமும் குவால்காமும் இன்கோய்ஸின் தகவலோடு முதலில் சாதாரண செல்போனில் கொண்டுவந்த ஃபிஷர் ஃப்ரெண்ட், ஆண்ட்ராய்டில் தமிழிலேயே வந்தது: அலை, காற்று, மீன் கூடும் இடம், கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை. மூன்று கட்ட நோட்டு செய்த வேலையை அது தானே செய்தது. 2017 ஒக்கிப் புயலில் தொலைகடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சேரவில்லை என்ற அவலத்துக்குப் பிறகு, 2019 அக்டோபரில் ஜெமினி என்ற சின்னக் கருவி வந்தது. ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்குத் தரும். மாமாவின் மகன் இதையெல்லாம் புதுப் போனில் பார்க்கிறான்.

பழைய போனின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 2020 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு 2.3-ஐ வாட்ஸ்அப் கைவிட்டது. 2021 செப்டம்பர் 27-க்குப் பிறகு கூகுள் கணக்கிலும் நுழைய முடியாது. மாமாவுக்கு இரண்டும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. செயற்கைக்கோள் யாரிடமும் கணக்கும் பாஸ்வேர்டும் கேட்பதில்லையே. எஃப்எம்மும் அப்படித்தான்.

கடைசியில் பேட்டரி உப்பிப் பின்மூடி மூடாமல் போனது. அந்த அளவில் நல்ல பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. பாயிண்டுகள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன, மகனுடைய போனிலும் ஏறிவிட்டன. பழைய செல்லுக்குப் பிளாஸ்டிக் சாமான் என்று மைக்கில் கூவிக்கொண்டு வரும் வண்டிக்காரர் போன மாதம் தெருவுக்கு வந்தபோது அத்தை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவர் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார்.

“கடலுக்குப் போயிட்டு வந்த போனுப்பா இது. குடம் குடு,” என்றாள் அத்தை.

டப்பாவோடு ஒரு மக்கும் சேர்த்து வாங்கினாள். உப்பின பேட்டரியை மட்டும் வண்டிக்காரர் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை எங்கே போடுவது என்று காலாப்பட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.