காவிரி தந்த கண்ணீர்ப் பாட்டு

நம்முள் பலர் இல்லங்களில் காலையில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி நீர். குடகு மலையிலே தோன்றிப் பாயும் அவ்வாற்றின் நீர், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றப்பட்டு, 1974 முதல் பெங்களூர் மக்களின் தாகம் தீர்த்து வருகிறது. அந்நீரைப் பருகும் நாம், அதே ஆற்றின் கீழ்க்கரையிலே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு பாட்டினை அறிந்திருக்கின்றோமா? காதலனைப் பறிகொடுத்த பெண்ணொருத்தி, அவனை விட மனமின்றி அலைந்து பாடிய பாட்டு அது.

பாடியவர் ஆதிமந்தியார். குறுந்தொகையின் 31-ஆம் பாட்டு அவர் பெயரால் வழங்குகிறது. அவர் காதலன் ஆட்டனத்தி ஆடற்கலையில் வல்லவன். சோழ நாட்டிலே கழார் என்னும் துறையில் புனல் விழா நிகழ்ந்தபோது அவன் நீரில் ஆடினான். கண்டோர் வியக்க ஆடிய அவனைக் காவிரி வவ்விக்கொண்டு சென்றது. இச்செய்தியைப் பரணர் அகநானூற்றிலே பலமுறை எடுத்துரைக்கின்றார்.

ஆனால் ஆதிமந்தியாரின் பாட்டிலே ஆறு இல்லை, வெள்ளம் இல்லை, இறப்பு என்னும் சொல்லும் இல்லை. வீரர் திரளும் விழாக்களிலும், மகளிர் துணங்கை ஆடும் களங்களிலும் தம் தலைவனைத் தேடியதாகவும், எங்கும் காணாததாகவும் கூறுகின்றார். தாமும் ஆடுகளத்தைச் சார்ந்தவரே. தம் கைவளை நெகிழுமாறு செய்தவனும் அவ்வாறே என்கின்றார். ஆடுகின்றவனை ஆட்டம் நிகழும் இடத்திலன்றி வேறெங்கே தேடுவது? அவன் இல்லை என்பதை ஊர் அறியும்; நெஞ்சம் ஒப்புவதில்லை. உறவை விட மாட்டாத உள்ளத்தின் இயல்பு அன்றும் இதுவே, இன்றும் இதுவே.

இப்பாட்டின் வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் அது ஒருவர் துயரமாகவே நின்றிருக்கும். அவ்வாறு நிற்கவில்லை. வெள்ளிவீதியார் என்னும் மற்றொரு பெண்பாற் புலவர் தோன்றினார். சங்க நூல்களில் அவர் பாடியனவாகக் கிடைப்பவை 13 பாட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவை பிரிவையே பேசுகின்றன. அகநானூற்றின் 45-ஆம் பாட்டிலே, ஆதிமந்தியைப் போல யானும் மயங்கி உழல நேருமோ என்று தலைவி அஞ்சுகின்றாள்.

அடுத்து வந்தவர் ஔவையார். அதே நூலின் 147-ஆம் பாட்டிலே அவர் படைத்த தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் காதலனைத் தேடிப் புறப்படத் துணிந்ததாகக் கூறுகின்றாள். இதனைக் கொண்டே வெள்ளிவீதியார் தம் கணவரைத் தேடி உண்மையாகவே வழிநடந்தார் என்று அறிஞர் கருதுவர். முன்னவர் அடைந்த துயரம் அடுத்தவர்க்கு அச்சமாயிற்று. அவர் துயரமோ அதற்கும் அடுத்தவர்க்குத் துணிவாயிற்று. மூன்று பெண்களைப் பிணைத்த சங்கிலி இது!

இங்கே இலக்கண நுட்பம் ஒன்றையும் எண்ண வேண்டும். அகத்திணைப் பாட்டில் காதலரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் விதி. காதலும் பிரிவும் ஒருவர்க்கே உரியன அல்ல. எல்லார்க்கும் பொது என்பதே அதன் கருத்து. ஆயினும் உவமையாக வருமிடத்துப் பெயர் புகுவதற்கு இடமிருந்தது. அந்தச் சிறிய வாயில் வழியாகவே ஆதிமந்தியும் வெள்ளிவீதியும் பிறர் பாட்டுக்குள் நுழைந்தனர். தம் துயரத்தாலேயே பிறர்க்கு உவமை ஆயினர்.

பின்வந்தோர்க்கு இக்கதையைத் துயரத்தோடு விட்டுவிட மனம் வரவில்லை போலும். மருதி என்பவள் ஆட்டனத்தியை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுத் தான் கடலில் புகுந்தாள் என்று பரணர் பாடினார். கடலே அவனை முன்னிறுத்திக் காட்ட, ஆதிமந்தி தழுவி மீண்டாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நம் காலத்தில் கவிஞர் கண்ணதாசன் இக்கதையை எழுதினார். 1960-இல் ‘மன்னாதி மன்னன்’ என்னும் திரைப்படமாகவும் அது வந்தது. முடிவுகள் பல வந்தன. ஆனால் குறுந்தொகைப் பாட்டு மட்டும் இன்றளவும் தேடிக்கொண்டே இருக்கிறது. ஓலையில் உறங்கிய அந்நூலை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் முதன்முதல் அச்சேற்றினார். 1937-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் உரையுடன் வெளியிட்டார். அவர்தம் உழைப்பு இல்லையேல் அத்தேடலை நாம் அறிந்திருப்போமா?

பிரிவு நமக்குப் புதிதன்று. 1809-இல் பெங்களூரில் கண்டோன்மெண்டு அமைந்தபின் தமிழர் இங்கே திரளாக வந்தனர். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் சொன்னதை நம் முன்னோர் வாழ்ந்தே காட்டினர். இங்கே வந்தவர் பெயர்களுள் சில பதிவேடுகளில் உண்டு. ஊரில் இருந்து வழிபார்த்த தாயர், மனைவியர் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் அழுத பாட்டைக் குறித்து வைத்தவரும் இல்லை. அதனாலேயே ஆதிமந்தியின் பாட்டு நமக்குச் சொந்தமாகிறது.

துயருற்றாரைக் கண்டால் ‘மறந்துவிடு’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். நம் பழம்புலவர் அவ்வாறு சொல்லவில்லை. ‘உனக்கு முன்னும் ஒருத்தி இவ்வழியே நடந்தாள்’ என்றே காட்டினர். பாட்டு துயரத்தைத் துடைப்பதில்லை. துயருற்றார்க்குத் துணையாக உடன் நடக்கிறது. நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று பெயர்களையேனும் சொல்லிவைப்போம். என்றேனும் அவர்கள் நெஞ்சம் ஒருவரை விட மாட்டாமல் தவிக்கும்போது, காவிரிக் கரையிலிருந்து அவர்களுக்கு ஒரு துணை வரும்.