முகம் மரத்தல்: இரு நோய்களைப் பிரித்தறிந்த வரலாறு

முகத்தின் ஒரு பக்கம் மரத்துப் போவது இரு வேறு நோய்களுக்குப் பொதுவான குறியாகும். ஒன்று ஒற்றைத் தலைவலி, மற்றொன்று பக்கவாதம். முன்னது பெரும்பாலும் தானே தணியும். பின்னது உயிரையே கொள்ளக் கூடும். இவற்றைப் பிரித்தறிய மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்றது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், இத்தலைவலியை 'எமிக்ரானியா' என்றார். பாதி மண்டை என்பது அதன் பொருள். இன்றைய 'மைக்ரேன்' அதன் திரிபே. நம் 'ஒற்றைத் தலைவலி'யும் அவ்வாறே ஒரு பக்கத்து நோவைச் சுட்டுவது காண்க.

பக்கவாதத்தின் காரணத்தைத் துலக்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த அவர், மூளையில் குருதி கசிவதும் அந்நோய்க்குக் காரணமாதலை 1658இல் எழுதினார்.

1873இல் இங்கிலாந்தின் எட்வர்டு லிவிங், ஒற்றைத் தலைவலியை 'நரம்புப் புயல்' என்றார். மரமரப்பு விரலில் தொடங்கி, கையேறி, உதட்டையும் நாவையும் அடைவதை அவர் விவரித்தார். கையிலிருந்து முகத்திற்குத் தாவுவது ஏன்? மூளையின் மேற்பரப்பில் கைக்குரிய இடமும் முகத்திற்குரிய இடமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இதனைப் பென்ஃபீல்டும் போல்டிரியும் 1937இல் வரைந்து காட்டினர்.

அமெரிக்க அறிஞர் லாஷ்லி தமக்கு வந்த ஒளித்தோற்றங்களை அவ்வப்போது வரைந்து, அக்கோளாறு மூளையில் நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வீதம் ஊர்வதாக 1941இல் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் நாட்டவரான லியாவோ, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் ஓர் அடக்க அலையைக் கண்டார். இரண்டும் ஒன்றாகலாம் என்று மில்னர் 1958இல் சுட்டினார்.

எனவே வேகமே வேற்றுமைக்கு அடையாளம் ஆயிற்று. ஒற்றைத் தலைவலியின் மரமரப்பு சில நிமிடங்களில் மெல்லப் பரவும். பக்கவாதத்தினதோ குருதி தடைப்பட்டதும் திடீரெனத் தோன்றும். ஆயினும் இவ்வெல்லை உறுதியான மதில் அன்று. முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி உடையார்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பும் சற்று மிகுதி. புகைபிடித்தல் அதனை இன்னும் பெருக்கும்.

குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் பயனுண்டு என 1995இல் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் தாமதமே பெரும் பகையாயிற்று. முகம் திடீரென மரத்தால், அது எந்நோய் என்று வீட்டில் வழக்காடுதல் தகாது. தீர்ப்புரைக்க வேண்டிய இடம் மருத்துவமனையே.