நுரையீரலில் தொடங்கும் மூட்டுநோய்: முடக்குவாத ஆய்வின் ஒரு நீண்ட சுற்று

தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தூசியால் நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மதிப்பிடும் கார்டிஃப் மருத்துவக் குழுவில் ஆந்தனி கேப்லன் பணியாற்றினார். எக்ஸ்ரே படங்களைப் பார்ப்பதே அவருடைய அன்றாட வேலை. சிலருடைய படங்கள் மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. நுரையீரலின் ஓரப் பகுதிகளில், தெளிவான விளிம்புடன், அரை சென்டிமீட்டர் முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை வட்ட வட்டமான முடிச்சுகள் தெரிந்தன. அந்தத் தொழிலாளர்களுக்கு முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருந்தது. 1953இல் ‘தோராக்ஸ்’ இதழில் இதை அவர் வெளியிட்டார். ஆர்ச்சி காக்ரன் உள்ளிட்டோருடன் அவர் சேர்ந்து ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில் நடத்திய மக்கள்தொகை ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. இன்று இந்த நிலை கேப்லன் நோய்க்குறித் தொகுதி என அவர் பெயரால் வழங்குகிறது.

இதில் மிக முக்கியமான விவரத்துக்குத்தான் அன்று உரிய கவனம் கிடைக்கவில்லை. சிலருக்கு மூட்டுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நுரையீரலில் முடிச்சுகள் வந்துவிட்டன. முடக்குவாதத்துக்கு ஆளாகக்கூடிய உடல் தூசியை விசித்திரமாக எதிர்கொள்கிறது என்பதே அன்றைய விளக்கம். மூட்டுநோய் காரணம், நுரையீரல் முடிச்சு விளைவு. இந்த வரிசை தலைகீழாக இருக்கலாமோ என்ற கேள்வி அரை நூற்றாண்டு காத்திருந்தது.

அந்தத் தாமதத்துக்கு ஆய்வகமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1956இல் கார்ல் பியர்சன், காசநோய்க் கிருமிகளைக் கொன்று எண்ணெயில் கலந்து எலிகளுக்கு ஊசி போட்டு மூட்டழற்சியை உண்டாக்கினார். 1977இல் டிரென்தாம், டவுன்ஸ், காங் மூவரும் குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜனைத் தோலுக்குள் செலுத்தியே அதைச் சாதித்தனர். பின்னர் சுண்டெலிக்கும் வந்த இந்தக் கொலாஜன் மாதிரிதான் பல பத்தாண்டுகளுக்கு முடக்குவாத ஆய்வகங்களின் அடித்தளம். மூட்டின் புரதத்தைக் கொடுத்து மூட்டைத் தாக்கவைக்கும் சோதனையில், தாக்குதல் வேறோர் உறுப்பில் தொடங்கியிருக்குமா என்று கேட்க இடமே இல்லை. மருந்துகளைச் சோதிக்க அது பெரிதும் உதவியது. நோயின் பிறப்பிடத்தைப் பற்றி அதனிடம் கேட்டதுதான் தவறு.

விடைக்கான வழி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது: கன்னத்தின் உட்புறச் செல்களில். முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு தனிக் காரணி இருப்பதை எரிக் வாலர் 1940லேயே அறிவித்திருந்தார். ஆனால் ‘ருமட்டாய்டு காரணி’ என்ற அந்த எதிர்ப்பொருள் வேறு பல தொற்றுகளிலும், நலமாக இருப்பவர்களிடமும்கூடத் தென்படும். 1964இல் நெதர்லாந்தின் நீன்ஹெய்ஸும் மாண்டெமாவும் இன்னொன்றைக் கண்டனர். நோயாளிகளின் சீரத்தைக் கன்னச் செல்கள்மீது இட்டால், உட்கருவைச் சுற்றியுள்ள துகள்களில் ஓர் எதிர்ப்பொருள் ஒட்டியது. முடக்குவாதத்தை இது நன்றாகவே இனங்காட்டியது. சிக்கல் என்னவென்றால், எல்லோருடைய கன்னச் செல்லும் இந்தச் சோதனைக்குப் பயன்படவில்லை; பொருத்தமான சிலரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் இதைப் பெரிதாக விரும்பாததில் வியப்பில்லை. 1979இல் எலியின் உணவுக்குழாய்த் திசுவில் ஒட்டும் எதிர்ப்பொருள் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றே என்றும், இரண்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தையே பிடிக்கின்றன என்றும் 1990களில் துலூஸ் ஆய்வாளர்கள் காட்டினர்.

இது குழப்பத்தைக் கூட்டியது. ஃபிலாக்ரின் தோல் சார்ந்த புரதம், மூட்டில் அது இல்லை. அப்படியானால் மூட்டு நோயாளி அதை எதிர்ப்பானேன்? 1998இல் நைமேகன் நகரில் ஸ்கெல்லகென்ஸும் வான் வென்ராயும் முடிச்சை அவிழ்த்தனர். எதிர்ப்பொருளுக்கு வேண்டியது ஃபிலாக்ரின் அன்று. அதற்குள் இருக்கும் சிட்ருலின் என்ற அமினோ அமிலம். புரதம் உருவாகும்போது சிட்ருலின் சேர்வதில்லை. உருவான பிறகு, கால்சியத்தின் துணையுடன் இயங்கும் ‘பேட்’ வகை நொதிகள் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகின்றன. ஆர்ஜினினின் நேர்மின்சுமை மறைகிறது, புரதத்தின் மடிப்பு தளர்கிறது. தன்னுடைய புரதமே நோயெதிர்ப்பு அமைப்புக்கு அந்நியமாகத் தெரியத் தொடங்குகிறது. இந்த மாற்றம் எந்தப் புரதத்திலும், எந்த உறுப்பிலும் நேரலாம். தேடல் மூட்டைவிட்டு வெளியே வர முடிந்தது இதனால்தான். ‘ஆன்டி சிசிபி’ என்று இன்று நம்மூர் ஆய்வுக்கூடங்களிலும் எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனை இந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு.

இதற்கிடையே நோய்ப்பரவலியலில் ஒரு தற்செயல். ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் வெஸ்ஸி குழுவினர் கருத்தடை மாத்திரை பற்றிய தங்கள் நெடுங்கால ஆய்வில் மூட்டழற்சியையும் பார்த்தபோது, 1987இல் கண்ணில் பட்டது புகைப்பழக்கம். அதே ஆண்டு நியூயார்க்கில் பீட்டர் கிரகர்சன் குழு, புரதத் துண்டுகளை நோயெதிர்ப்பு அமைப்புக்குப் பிடித்துக்காட்டும் எச்எல்ஏ மூலக்கூறுகளின் மரபணுக்களில், முடக்குவாதத்துடன் தொடர்புள்ள பல வடிவங்களில் ஒரே அமினோ அமிலத் தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியது. ‘பொது எபிடோப்’ என்று அதற்குப் பெயர். இவ்விரண்டும் பல ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாமலே கிடந்தன. 2003இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை, ஆர்ஜினின் சிட்ருலினானால் அந்த எச்எல்ஏ மூலக்கூறு அதை இன்னும் இறுகப் பிடிக்கிறது என்று கண்டது.

எல்லாம் கூடிவந்தது 2006இல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில். லார்ஸ் கிளாரஸ்கோக் குழுவினர் புகைப்பவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலுள்ள செல்களில் சிட்ருலினாக்கப்பட்ட புரதங்களைக் கண்டனர். புகைக்காதவர்களிடம் அவை காணப்படவில்லை. 1996இலிருந்து சுவீடனில் நடந்துவந்த நோயாளி ஒப்பீட்டு ஆய்வின் கணக்கும் கூடவே வந்தது. புகைக்கவும் செய்து, பொது எபிடோப் மரபணுவின் இரு பிரதிகளையும் கொண்டவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிடச் சிட்ருலின் எதிர்ப்புடன் கூடிய முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. இந்த எதிர்ப்பொருள் இல்லாத முடக்குவாதத்தில் அந்தக் கூட்டுவிளைவு தெரியவில்லை. சிலிக்கா தூசிக்கும் இதே நாட்டு ஆய்வில் தொடர்பு காணப்பட்டது. கேப்லனின் சுரங்கத் தொழிலாளர்கள் வேறு வெளிச்சத்தில் தெரிய ஆரம்பித்தார்கள்.

காலவரிசையை உறுதிசெய்தவை ரத்த வங்கிகள். நெதர்லாந்தில் பின்னர் முடக்குவாதம் வந்த 79 ரத்தக் கொடையாளர்களின் பழைய மாதிரிகளை 2004இல் சோதித்தபோது, ஏறத்தாழ பாதிப்பேரிடம் எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. அறிகுறிக்கு நடுக்கணக்காக நாலரை ஆண்டுகள் முன்னதாகவே. 2011இல் ஆம்ஸ்டர்டாமில், எதிர்ப்பொருள் இருந்தும் நோய் வராதவர்களின் மூட்டு உட்சவ்வைச் சிறிது எடுத்துப் பார்த்தார்கள். அங்கே அழற்சி இல்லை. மூட்டு அமைதியாக இருக்கும்போது எதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது? டென்வரில் டெமொருவெல், டீன், ஹோலர்ஸ் ஆகியோர் அடுத்த ஆண்டு மார்பை சிடி ஸ்கேன் செய்தனர். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்து மூட்டழற்சி இல்லாதவர்களில் 77 விழுக்காட்டினருக்கு மூச்சுக்குழல் பாதிப்பு தெரிந்தது; எதிர்ப்பொருள் இல்லாதவர்களில் 31 விழுக்காடு. பிறகு அதே குழு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லாத சிலருடைய சளியிலும் அது இருப்பதைக் கண்டது.

இவ்வளவும் சேர்ந்தால் கதை முடிந்ததுபோலத் தோன்றும். முடியவில்லை. சிட்ருலினாக்கம் அழற்சி உள்ள எந்தத் திசுவிலும் நிகழும். அது இருப்பதாலேயே நோயின் மூலம் அங்கேதான் என்று சொல்லிவிட முடியாது. ஈறுநோயை உண்டாக்கும் ‘போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ்’ பாக்டீரியா தன் சொந்த நொதியாலேயே சிட்ருலினை உருவாக்கும். குடலும் சந்தேகப்பட்டியலில் உண்டு. பெண்கள் பெரும்பாலும் புகைக்காத இந்தியா போன்ற நாடுகளுக்குச் சுவீடன் கணக்கை அப்படியே எடுத்து வைக்கவும் கூடாது. எதிர்ப்பொருள் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது: 2006இல் சுண்டெலிகளுக்குச் சிட்ருலின் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது, முன்பே லேசான மூட்டழற்சி இருந்த விலங்குகளில்தான் சேதம் கூடியது. நுரையீரலே நோயைத் தொடங்கிவைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மூட்டைக் குறிவைக்க இரண்டாவது தூண்டல் ஒன்று வேண்டும்.

ஆய்வக விலங்குகளும் மெல்ல மாறின. கியோட்டோவில் சகாகுச்சி 2003இல் விவரித்த எஸ்கேஜி சுண்டெலிக்கு மரபணுப் பிழையால் மூட்டழற்சி வரும், சிலவற்றுக்கு நுரையீரல் இடைத்திசு அழற்சியும் வரும். கிருமியற்ற சூழலில் வளர்த்தால் மூட்டுநோய் தலைகாட்டாது. நெப்ராஸ்காவில் ஜில் பூல் குழு, பழைய கொலாஜன் மாதிரியையே எடுத்து அதனுடன் பாக்டீரியா நச்சைச் சுவாசிக்கவும் வைத்தது. இரண்டும் சேர்ந்தபோது மூட்டுச் சேதம் அதிகரித்தது, நுரையீரல் திசுவும் மாறியது.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. மூட்டு அழற்சியை அடக்க வந்த மருந்தான, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001இல் ஜோசப் கீன் அறிவித்தார். காசநோய்க் கிருமியைச் சுற்றி நுரையீரலில் கட்டப்பட்டிருக்கும் செல்மதிலைத் தாங்கிப் பிடிப்பதும் அதே டிஎன்எஃப்தான். அன்றிலிருந்து அந்த மருந்தைத் தொடங்கும் முன் காசநோய்ச் சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் வழக்கமாயின. மூட்டு மருத்துவர்களை நுரையீரலைப் பார்க்கவைத்ததில் ஆய்வுக் கட்டுரைகளைவிட இந்த அச்சத்துக்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

2018இல் பிரான்சின் ஜூஜ் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு, காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயில் ஏற்கெனவே அறியப்பட்ட எம்யூசி5பி மரபணு மாற்றமே முடக்குவாத நோயாளிகளின் நுரையீரல் தழும்புடனும் தொடர்புள்ளது என்று காட்டியது. மூட்டுநோய் மட்டும் உள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. எதிர்ப்பொருளும் மூட்டுவலியும் உள்ள, ஆனால் அழற்சி தொடங்காதவர்களுக்கு நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் அபாடசெப்ட் மருந்தைக் கொடுத்துப் பார்த்த லண்டன் தலைமையிலான சோதனை 2024இல் வெளியானது. ஓராண்டு சிகிச்சைக் காலத்தில் மருந்து பெற்றோரில் 6 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. மருந்தை நிறுத்தி மேலும் ஓராண்டு கழிந்ததும் அந்த எண்கள் 25, 37 என்று நெருங்கிவிட்டன. இதில் சேர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்தது ரத்தத்தையும் மூட்டுவலியையும் வைத்தே, நுரையீரலை வைத்து அல்ல.