விரலில் வைத்த மையும் வாக்குரிமை வரலாறும்

தேர்தல் நாளன்று எங்கள் ராயகிரியில் பெண்கள் வரிசையாக நின்று வாக்களிப்பதைக் காணலாம். வாக்களிப்போரின் இடக்கை ஆட்காட்டி விரலில் மை வைக்கின்றனர். அம்மையில் உள்ள சில்வர் நைட்ரேட், தோலில் உள்ள உப்புடன் சேர்ந்து சில்வர் குளோரைடாகிறது. ஒளி பட்டதும் கறுக்கிறது. 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் இது நம் நாட்டில் பயன்பட்டு வருகிறது.

பெண்களுக்கு இவ்வுரிமை எப்படி வந்தது என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். "சுதந்திரத்தோடு தானாக வந்தது, சார்" என்றாள் ஒரு மாணவி. தானாக வரவில்லை என்பதே உண்மை.

அடையாற்றில் தொடக்கம்

உலகில் முதன்முதலாக 1893இல் நியூசிலாந்து நாடு பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. நம் நாட்டில் 1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசண்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் இதனைத் தொடங்கினர். இவர்களுள் கசின்ஸ், வாக்குரிமைப் போரில் சிறை சென்ற அயர்லாந்துப் பெண்மணி ஆவார். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழுவொன்று, சென்னை வந்திருந்த இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து உரிமை கோரியது.

பின்னர் ஆராய வந்த சவுத்பரோ குழு இக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆண் வாக்காளர்களுக்கே இன்னும் பயிற்சி தேவைப்படும் நிலையில், பெண்களுக்கு அளிப்பது காலத்திற்கு முந்தியது என்று அது காரணம் கூறியது. பயிற்சி இல்லாத ஆணுக்கு வாக்கு உண்டு. பயிற்சி இல்லாத பெண்ணுக்கு இல்லை! ஒரே அளவுகோலால் இருவரையும் அளக்காத முடிவை அறிவியல் மாணவர் ஏற்பரோ?

சென்னையின் முதலடி

1919ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொறுப்பை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. 1921 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றம், பெண் என்பதற்காக வாக்கு மறுக்கலாகாது என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மாகாணங்களுள் இதுவே முதலாவதாகும். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மன்றத்தின் துணைத்தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமாயிற்று.

ஆயினும் சொத்தோ வரியோ உள்ளவருக்கே அன்று வாக்கு இருந்தது. எங்கள் ஊர் வயலை எண்ணிப் பாருங்கள். நாற்று நட்டவள் பெண்; களை எடுத்தவள் பெண்; பட்டாவோ பெரும்பாலும் ஆண் பெயரில். எனவே உரிமை ஏட்டில் இருந்தும் உழைக்கும் பெண்களுக்கு எட்டவில்லை. அண்டை நாடான இலங்கையில் 1931இலேயே 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தனர். ஆனால் அங்கும் மலையகத் தமிழருள் பலர் குடியிருப்பு விதியால் விலக்கப்பட்டனர்.

பெயரில்லா வாக்காளர்

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பதை நம் அரசியலமைப்பு 1950இல் உறுதி செய்தது. ஆனால் 1951–52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டுமே பல பெண்கள் பதிந்திருந்தனர். தம் சொந்தப் பெயரை அவர்கள் கூறவில்லை. தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயரின்றி வாக்கில்லை என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்; இவர்களுள் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். அடுத்த தேர்தல்களில் பெண்கள் தம் பெயரைத் தாமே கூறத் தொடங்கினர்.

உரிமை சட்டத்தில் பிறக்கிறது. பெயரோடு பதியும்போதுதான் பயன்படுகிறது. அடுத்த பட்டியல் வெளியாகும்போது, உங்கள் வீட்டுப் பெண்களின் பெயர்கள் பிழையின்றி உள்ளனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். பாட்டியின் பெயரை முதலில் தேடுங்கள்.